எங்கள் தெருவில் போதை மீட்பு மையம் வரக்கூடாது என்ற மனுவில் கையெழுத்திடலாமா?

ஏரிக்கரைவாசி (இழையைத் தொடங்கியவர்)

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறேன். எங்கள் தெருக்கோடியில் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் மூன்று மாடி வீட்டைப் போதை மீட்பு மையம் நடத்துவதற்காக ஒரு தனியார் அமைப்பு வாடகைக்குப் பேசி முடித்திருக்கிறது. செய்தி தெரிந்த அன்றே குடியிருப்போர் நலச்சங்கத்தினர் மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள். நான் யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பியிருக்கிறேன்.

"குடும்பங்கள் அமைதியாக வாழும் பகுதிக்குள் போதைக்கு அடிமையானவர்களைக் கொண்டுவரக் கூடாது" என்பது மனுவின் முதல் வரி. வெளியிலிருந்து யாரையும் கொண்டுவர வேண்டிய நிலையில் நம் பகுதி இல்லை என்பதே என்னை நிறுத்தியது. மழைக்கு முன்பு காலி மனைகளை ஒட்டிய வடிகாலைத் தூர்வாரியபோது சேற்றோடு மேலே வந்தவற்றில் மதுப்புட்டிகளைவிட வேறு பொருட்களே கண்ணை உறுத்தின: வலி நிவாரண மாத்திரைகளின் காலி அட்டைகள், சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தும் மெல்லிய ஊசிகள், கட்டைவிரல் நீளத்துக்கு மேல் இராத சிறிய சலைன் குப்பிகள். இவற்றைப் பயன்படுத்தியவர்கள் ரயிலேறி வந்து எங்கள் வடிகாலில் வீசிவிட்டுப் போயிருக்க மாட்டார்கள்.

எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி, மத்தியச் சமூகநீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டில் ஊசி மூலம் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோர் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்பதும், சட்டவிரோதப் போதைப்பொருட்களுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவர்தான் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றிருக்கிறார் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையில் ஒரு சிகிச்சை மையத்தை விரட்டும் மனுவில் கையெழுத்திட மனம் ஒப்பவில்லை. அதே நேரத்தில், கதவைப் பூட்டி அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் மையங்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். நல்ல மையத்தை மோசமான மையத்திலிருந்து பிரித்தறிய என்ன கேட்க வேண்டும், சிகிச்சை என்பது உண்மையில் எப்படி இருக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

ராமநாதன்_மேற்குத்தெரு

மனுவில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நோயாளிகள்மீது எனக்கு வெறுப்பு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டை உள்ளே சென்று பார்த்திருப்பதால் எழுதுகிறேன். மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே மாடிப்படி. அதுவும் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். தளத்துக்கு ஒரு கழிப்பறை. சன்னல்கள் அனைத்துக்கும் இரும்புக் கம்பி. அடுத்த வீட்டில் மாலையில் முப்பது பிள்ளைகள் டியூஷன் படிக்கிறார்கள். ஓர் ஆள் தப்பித்து ஓடினால் பொறுப்பு யாருடையது, உள்ளே ஒருவர் இறந்துபோனால் யார் பதில் சொல்வது என்று கேட்டதற்கு, வீட்டைப் பேச வந்தவரிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை. பதில் இல்லாத இடத்தில் எதிர்ப்பதைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

வழக்கறிஞர்_கயல்

ராமநாதன் ஐயா கேட்டவற்றுக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே அந்த நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் மையம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 107-ஆவது பிரிவு இடமளிக்கிறது.

ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக, வீட்டார் கேட்டுக்கொண்டார்கள் என்பதற்காக மட்டும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் மூன்று மாதம் பூட்டிவைக்க எந்த மையத்துக்கும் அதிகாரம் இல்லை. தானே முடிவெடுக்க இயலாத நிலையில், தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவராக ஒருவர் இருந்தால், 89-ஆவது பிரிவின்படி அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பிக்கலாம். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அதிகபட்சம் 30 நாட்கள். அந்தச் சேர்க்கையை 7 நாட்களுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெண்ணோ 18 வயதுக்குட்பட்டவரோ என்றால் 3 நாட்களுக்குள். சிறுவர்களைப் பெரியவர்களோடு ஒரே இடத்தில் தங்கவைக்கக் கூடாது. சங்கிலியால் கட்டக் கூடாது. கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது என்பதுகூடச் சட்டத்தில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியொரு வழக்கம் பரவலாக இருந்ததால்தான் அதை எழுத வேண்டி வந்தது.

ஒற்றை மாடிப்படி, கம்பி போட்ட சன்னல் என்று ஐயா எழுதியதைப் படித்தபோது ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றிக் கருகி இறந்தார்கள். அது போதை மீட்பு மையம் இல்லை என்றாலும், பூட்டிவைப்பதையே பராமரிப்பாகக் கருதும் எந்த இடத்துக்கும் அந்த நாள் பொருந்தும்.

ஒரு_தாய்

என் மகனைப் பற்றி எழுதுகிறேன். ஊரையும் மையத்தின் பெயரையும் தவிர்க்கிறேன்.

ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தபோது பழகியிருக்கிறான். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டான்; உட்கார்ந்த இடத்திலேயே தலை தொங்கும்; மூக்கையும் கன்னத்தையும் ஓயாமல் சொறிவான்; கண்ணின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். இரவுப் பணிக்குப் போய் வந்த களைப்பு என்று அவன் சொன்னதை நாங்கள் நம்பினோம். சமையல் எரிவாயு உருளை காணாமல் போனபிறகுதான் அவனுடைய பையைத் திறந்து பார்த்தேன். மேலே ஒருவர் எழுதிய அதே சிறிய சலைன் குப்பிகளும், ஊசியும், மாத்திரையைப் பொடித்த எவர்சில்வர் கரண்டியும் இருந்தன. அந்தக் கரண்டி எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கிடந்தது.

கணவர் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தப் பணியாளர். நகையை அடகு வைத்து ஒரு மையத்தில் மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினோம். இரவில் நான்கு பேர் வந்து தூக்கிச் சென்றார்கள். மொட்டை அடித்தார்கள். வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேச விட்டார்கள். பக்கத்தில் ஆள் நிற்கிறார் என்பது அவன் குரலிலேயே தெரியும். மூன்று மாதம் கழித்துச் சதை போட்டு, நல்ல நிறமாகத் திரும்பி வந்தான். கோயிலுக்கு அழைத்துப் போனோம், பழைய நண்பர்களோடு சேரமாட்டேன் என்று சத்தியம் செய்தான். சில நாட்களிலேயே ஒரு மாலை குளியலறைக் கதவை உடைக்க வேண்டியதாயிற்று. உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சு எப்போதாவது ஒருமுறை குறட்டைபோல வந்தது. 108 வந்ததால் பிழைத்தான். அடிமையாகி இருந்த காலம் முழுவதும் ஒருநாளும் அப்படி ஆனதில்லை. திருந்தி வந்த பிறகு ஏன் ஆயிற்று என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை, மையத்தில் சொல்லி அனுப்பவும் இல்லை.

இப்போது நகரத்துக்குள் ஓர் அரசு மருத்துவமனையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒழுங்காக இருக்கிறான், வேலைக்குப் போகிறான். தொடக்கத்தில் அடிக்கடி போக வேண்டியிருந்தது. மின்சார ரயிலில் போய், வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் அரை நாள் போய்விடும். அதனால் முதலில் கிடைத்த வேலை போயிற்று. வைத்தியம் இலவசம், ஆனால் அந்தத் தூரம் எங்களால் தாங்க முடியாததாக இருந்தது. எங்கள் ஊரிலேயே அந்த மாத்திரை கிடைத்திருந்தால் நகையும் மிஞ்சியிருக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்படி நானே சொன்ன அந்த இரவும் நடந்திருக்காது.

மனநல_மருத்துவர்_தெ

அம்மா, நீங்கள் புரியவில்லை என்று எழுதிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஓபியாய்டு எனப்படும் அபின் வகைப் போதையில் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய முதல் செய்தி அதுதான்.

டேபென்டடால், டிரமடால் போன்ற வலி நிவாரணிகளும் ஹெராயினும் மூளையில் ஒரே வகை ஏற்பிகளில் வேலை செய்பவை. தொடர்ந்து எடுக்கும்போது உடல் அந்த அளவுக்குப் பழகிக்கொள்கிறது. முதல் நாளில் மூச்சை நிறுத்தியிருக்கக்கூடிய அளவை ஓராண்டு கழித்துச் சாதாரணமாகத் தாங்குகிறது. சில வாரங்கள் முற்றிலும் நிறுத்தினால் அந்தத் தாங்குதிறன் போய்விடுகிறது, ஆனால் ஏக்கம் போவதில்லை. வெளியே வந்தவர் பழைய ஞாபகத்தில் பழைய அளவையே எடுத்தால் மூச்சை இயக்கும் மூளைப் பகுதி அடங்கிவிடும். மீட்பு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்களே உயிருக்கு மிக ஆபத்தான காலம் என்பது உலகெங்கும் பலமுறை உறுதிசெய்யப்பட்ட ஒன்று. ஆகவே, உடலைச் சுத்தம் செய்து, தொடர் மருந்து எதுவுமின்றி வீட்டுக்கு அனுப்பும் மையம், நோயாளியைச் சேர்த்தபோது இருந்ததைவிடப் பெரிய ஆபத்தில் விட்டு அனுப்புகிறது. உங்கள் மகனுக்கு நடந்தது இதுதான்.

அவர் இப்போது எடுப்பது பெரும்பாலும் புப்ரெநார்ஃபினும், ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் நலோக்சோனும் சேர்ந்த மாத்திரையாக இருக்கும். புப்ரெநார்ஃபின் அதே ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ஓரளவுக்கு மேல் அவற்றைத் தூண்டாது. அதனால் உடல் முறுக்கல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை போன்றவை அடங்குகின்றன, ஏக்கம் குறைகிறது, மூச்சு அடங்கும் ஆபத்தும் மிகவும் குறைவு. அதன்மேல் வேறு மாத்திரையை ஏற்றிக்கொண்டாலும் எதிர்பார்த்த மயக்கம் கிடைக்காது. நலோக்சோனைச் சேர்ப்பதற்குக் காரணம், அதைக் கரைத்து ஊசியாக ஏற்றுவதைத் தடுப்பது; நாக்குக்கு அடியில் கரையும்போது அந்தப் பகுதி உடலில் ஏறத்தாழ வேலை செய்வதே இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2005-லேயே இதேபோன்ற மாற்று மருந்தான மெதடோனையும் புப்ரெநார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தச் சிகிச்சையில் தொடர்ந்து இருப்பவர்களிடையே இறப்பு, சிகிச்சையில் இல்லாதவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. இதை மாதக்கணக்கில், தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்.

மதுவின் கதை வேறு. ஓபியாய்டு விலகல் (நிறுத்தும்போது உடலில் வரும் உபாதை) நரக வேதனையாக இருந்தாலும், திடமான உடல்நிலை கொண்டவர் அதனால் இறப்பது அரிது. பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினாலோ உயிர் போகக்கூடும். நிறுத்திய இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்த நாட்களில் கடும் நடுக்கம், காய்ச்சல், இல்லாதவற்றைக் கண்டு கத்துவது என்று குழப்ப நிலை வரலாம். இதைப் பேய் பிடித்திருப்பதாகவும், அடம் பிடிப்பதாகவும் எண்ணிக் கட்டிப்போட்டு, தண்ணீர்கூடக் கொடுக்காமல் விட்ட இடங்களிலிருந்து நோயாளிகள் எங்களிடம் கடைசிக் கட்டத்தில் வந்திருக்கிறார்கள். முதல் வாரத்தில் மருத்துவரின் மேற்பார்வையும், நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தும், தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் இல்லாத மையம் குடிநோயாளியைச் சேர்க்கவே கூடாது.

கஞ்சாவுக்கு இவை போன்ற மாற்று மருந்து எதுவும் கிடையாது. பேச்சுவழிச் சிகிச்சைதான் அடிப்படை. இளம் வயதில் அதோடு மனச்சிதைவு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எல்லோரையும் ஒரே கூடத்தில் படுக்கவைத்து, ஒரே 90 நாள் திட்டத்தைக் கொடுக்கும் மையத்திடம், இந்த மூவரையும் எப்படி வேறுபடுத்திக் கவனிப்பீர்கள் என்று கேளுங்கள். உள்நோயாளி சிகிச்சை தேவையே இல்லை என்று சொல்லவில்லை. சிலருக்கு முதல் இரண்டு மூன்று வாரங்கள் அது அவசியம். ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், அல்லது ஒரே பேருந்தில் போகும் தூரத்தில், ஒரு புறநோயாளிப் பிரிவு. பஞ்சாபில் 2017 முதல் புறநோயாளிகளுக்கு இந்த மாத்திரையை வழங்கும் மருத்துவமனைகளைச் சிறு ஊர்கள்வரை கொண்டுபோனார்கள். அதற்கெனக் குறைகள் இருந்தாலும், மருந்தைத் தேடி நோயாளி அலைவதை அது குறைத்தது. நம் நகரங்களின் விளிம்பில் வீடுகள் பெருகிய வேகத்தில் இந்த வசதி பெருகவில்லை.

மீண்டவன்

மருத்துவர் அவர்கள் எழுதியதை மதிக்கிறேன், ஆனால் முழுமையாக ஏற்க முடியவில்லை. நான் மதுவிலிருந்து மீண்டவன். பூந்தமல்லிப் பக்கம் வாரந்தோறும் நடக்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம்தான் என்னைக் காப்பாற்றியது. காசு வாங்காமல், என்னைப் போன்றவர்களே நடத்துவது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் மருந்தோடு நிற்காமல் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசியதாலும், மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தியதாலும்தான் பெயர் பெற்றது. இன்னொரு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவது, ஒரு போதையை விட்டு இன்னொன்றில் நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கூட்டத்தில் சிலரை மருந்தில்லாமல் மீண்டு பல ஆண்டுகளாக நன்றாக வாழ்பவர்களாகவே பார்க்கிறேன்.

மனநல_மருத்துவர்_தெ

நண்பரே, உங்கள் கூட்டங்கள் செய்யும் வேலையை எந்த மருந்தாலும் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் நோயாளிகளை நானே அங்கு அனுப்புகிறேன். ஆனால் மதுவில் கிடைத்த அனுபவத்தை ஊசி மாத்திரைக்கு அப்படியே பொருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குடியில் ஒருமுறை சறுக்கியவர் மறுநாள் வெட்கத்தோடு உங்கள் கூட்டத்துக்குத் திரும்பி வரலாம். ஊசியில் ஒருமுறை சறுக்கியவர் திரும்பி வராமலே போகக்கூடும். உங்கள் கூட்டத்தில் நீங்கள் காண்பது பிழைத்தவர்களை மட்டுமே. அடிமைத்தனத்தின் அடையாளம் மாத்திரை உடலில் இருப்பது மட்டும் என்றால் சர்க்கரை நோயாளி இன்சுலினுக்கு அடிமை என்றுதான் சொல்ல வேண்டும். திருட்டு, பொய், கட்டுப்பாட்டை இழப்பது, வேலையும் உறவும் கைவிட்டுப் போவது ஆகியவை நின்று, ஒருவர் காலையில் எழுந்து பணிக்குப் போகிறார் என்றால் சிகிச்சை வேலை செய்கிறது. மருந்தை எப்போது குறைப்பது என்பதை அவரும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். "மருந்தையும் விட்டால்தான் நீ மீண்டவன்" என்று கூட்டத்தில் யாரேனும் அழுத்தம் கொடுத்து, அதனால் நிறுத்திவிட்டு இறந்தவர்கள் உண்டு.

மீண்டவன்

சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கூட்டத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டே வரும் இளைஞர்களை இனி மருந்தைப் பற்றி எதுவும் கேட்கமாட்டேன். என் சொந்த நம்பிக்கை மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து கொடுத்து அனுப்பினால் போதும், பேச ஆள் வேண்டாம் என்று அரசு முடிவு செய்துவிடக் கூடாது என்பதே என் அச்சம்.

செந்தாமரை

இடையில் ஒரு கேள்வி கேட்க அனுமதியுங்கள். குடிப்பவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று ஒரு பொடியை விளம்பரப்படுத்துகிறார்கள். என் அண்ணி வாங்கி வைத்திருக்கிறார். கொடுக்கலாமா?

மனநல_மருத்துவர்_தெ

கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். இத்தகைய பொடிகளில் என்ன இருக்கிறது என்பதே பெரும்பாலும் தெரியாது. குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து அதில் கலந்திருந்தால், அது உடலில் இருக்கும்போது குடிப்பவருக்கு முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இதயம் படபடத்து, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். அறிந்து, சம்மதித்து, மருத்துவரின் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது பயன்படும். தெரியாமல் கலந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அண்ணன் வர மறுத்தாலும் உங்கள் அண்ணி மட்டும் தனியாகச் சென்று மருத்துவரைப் பார்க்கலாம், அல்லது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணிலோ பேசலாம். இரண்டும் இலவசம்.

மருந்தாளுநர்_செல்வம்

மருந்துக்கடை நடத்துகிறேன். என் தரப்பில் தெரிந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது. டிரமடால், அல்பிரசோலம், நைட்ரசிபாம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். டிரமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு கடைக்கு வரும் இளைஞர்கள் டேபென்டடாலைக் கேட்கத் தொடங்கியதை நான் நேரில் பார்த்தேன். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றதற்கு ஒருமுறை கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். எங்கள் சங்கத்தில் இதே அனுபவம் பலருக்கு உண்டு. சீட்டு கேட்காமல் விற்கும் கடைகளும் இருக்கின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பெரும்பகுதி இப்போது கடைவழியே வருவதில்லை. வெளிமாநிலத்திலிருந்து பெட்டியாக வரவழைத்து, தெருவில் ஒற்றை மாத்திரையாக, அட்டை விலையைவிடப் பல மடங்குக்கு விற்கிறார்கள்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். வாயால் விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் மருந்தைவிடப் பிடிமானப் பொருட்களே அதிகம். பொடித்துச் சலைனில் கரைத்தாலும் அவை கரைவதில்லை. சுண்ணத்தூள் போன்ற அந்தத் துகள்கள் இரத்தக் குழாயை அடைக்கும். ஏற்றிய இடம் சீழ் பிடிக்கும், கை வீங்கும், சிலருக்கு விரலையே எடுக்க வேண்டி வரும். ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து வரும். மருத்துவர் குறிப்பிட்ட புப்ரெநார்ஃபின் கலவை மாத்திரையை என் கடையில் நான் விற்க முடியாது. அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை மையங்களுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. அடிமையாக்கும் மாத்திரை தெருமுனையில் கிடைக்கிறது, மீட்கும் மாத்திரைக்கு ரயிலேற வேண்டியிருக்கிறது.

ராமநாதன்_மேற்குத்தெரு

அந்தத் தாய் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரு சந்தேகம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் அங்கிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போய் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் பகுதியில் பலரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தால்தான் யாருக்கும் தெரியாத தனியார் இடங்களைத் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன். இதற்கு வழக்கறிஞர் விளக்கம் தர வேண்டும்.

வழக்கறிஞர்_கயல்

மிக முக்கியமான கேள்வி, ஐயா. சிகிச்சை கேட்டு வருவது குற்றமில்லை. நோயாளியைப் பற்றிய விவரங்களை இரகசியமாக வைத்திருக்க மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. போதைப்பொருள் பயன்படுத்தியதற்காக 27-ஆவது பிரிவில் ஏற்கெனவே வழக்கு இருந்தால்கூட, அல்லது சிறு அளவு வைத்திருந்ததாக வழக்கு இருந்தால்கூட, தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்க 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ பிரிவு இருக்கிறது. இரண்டு நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். இடையில் விட்டால் பாதுகாப்பு நீங்கலாம். சிகிச்சை பெறும் இடம் அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துவதாக, அல்லது அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். வழக்குக்குப் பயந்து பதிவில்லாத மையத்துக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பம், சட்டம் கொடுக்கும் பாதுகாப்பைத் தானே கைவிடுகிறது. விற்பனை வழக்கில் சிக்கியவருக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிறுவர்களுக்கு விற்பவர்களைப் பொறுத்தவரை, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். நலச்சங்கத்துக்குக் கோபம் இருந்தால் அந்தக் கோபத்தைத் தாம்பரம் காவல் ஆணையரகத்துக்கு எழுதும் புகாரில் காட்டலாம்.

ஏரிக்கரைவாசி

எழுதிய அனைவருக்கும் நன்றி. என் முடிவை எட்டிவிட்டேன். இப்போதிருக்கும் மனுவில் கையெழுத்திட மாட்டேன். வேறு இரண்டு மனுக்களை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வைக்கப் போகிறேன்.

ஒன்று, அந்த மையத்தை நடத்த விரும்புவோருக்கு. பதிவுச் சான்றிதழின் நகலைக் காட்ட வேண்டும். மனநல மருத்துவர் வாரத்தில் எந்தெந்த நாட்கள் வருகிறார் என்பதை வாசலில் எழுதிவைக்க வேண்டும். யாரையும் வீட்டிலிருந்து தூக்கிவரக் கூடாது. மொட்டை, அடி, பூட்டு ஆகியவை இருக்கக் கூடாது. குடும்பத்தார் நேரில் தனியாகச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அடுத்த மருந்து எங்கே, யாரிடம், எப்போது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இவற்றை ஒப்புக்கொண்டால் நாங்கள் வரவேற்போம், மறுத்தால் மாநில மனநல ஆணையத்துக்கு எழுதுவோம்.

மற்றொன்று மாவட்ட நிர்வாகத்துக்கு. மூன்று மாடி வீடு வந்தாலும் வராவிட்டாலும், எங்கள் பகுதிக்கு உண்மையில் தேவைப்படுவது நடந்து போகும் தூரத்தில் ஒரு புறநோயாளிப் பிரிவு என்பதை இந்த உரையாடலிலிருந்து உணர்கிறேன். வேலைக்குப் போகும் இளைஞன் அதிகாலையிலோ மாலை ஏழு மணிக்கோ வந்து மருந்தை வாங்கிக்கொள்ளவும், வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் பேசவும், குடும்பத்தார் தனியாக வந்து கேட்கவும் இடம் இருக்க வேண்டும். தெருவில் பாதி வீடுகளில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பிள்ளைகள் தனியாகத்தான் இருக்கிறார்கள். சொந்த ஊரை விட்டு மனை வாங்கி வந்து குடியேறியவர்களுக்கு, இப்படி ஒரு துன்பம் வந்தால் வாய்விட்டுச் சொல்லப் பக்கத்தில் உறவு கிடையாது; அக்கம்பக்கத்தில் தெரிந்தால் அவமானம் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் மறைக்கிறார்கள். மருத்துவமனை பக்கத்தில் இருந்தால், காய்ச்சலுக்குப் போவதுபோல இதற்கும் போய்வர முடியும்.

வழக்கறிஞர் அம்மா, இரண்டாவது மனுவை யாருக்கு முகவரியிட வேண்டும்?

வழக்கறிஞர்_கயல்

மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, மாவட்ட மனநலத் திட்ட அலுவலருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் முதல்வருக்கும் நகல் அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை எண் வாங்கிக்கொள்ளுங்கள். "போதை ஒழிப்பு" என்று பொதுவாக எழுதினால் விழிப்புணர்வுப் பேரணி நடத்தி முடித்துவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் போதை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவு, புப்ரெநார்ஃபின் மருந்து வழங்கல், மாலை நேரப் பணி, ஓர் ஆலோசகர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மருந்து உட்கொண்டு மூச்சு அடங்கியவருக்குக் கொடுக்கும் நலோக்சோன் ஊசியை ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் இருப்பில் வைக்கும்படி கேட்கலாம்.

ஒரு_தாய்

கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். நான் வந்து பேசுகிறேன். மகனும் வருவதாகச் சொல்கிறான், ஆனால் அவன் பேச வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

ராமநாதன்_மேற்குத்தெரு

மாரியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள நூலகக் கட்டடம், மாலை ஐந்து மணி. அம்மா, உங்கள் மகனையும் அழைத்து வாருங்கள். யாரும் எதுவும் கேட்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இரண்டாவது மனுவில் முதல் கையெழுத்தை நான் போடுகிறேன். மையத்தை நடத்துவோருக்கான உங்கள் முதல் மனுவில் ஒரு வரி சேர்த்தால்தான் கையெழுத்திடுவேன்: வெளிப்புறமாக இரண்டாவது மாடிப்படி கட்டி, சன்னல் கம்பிகளில் தளத்துக்கு ஒன்றையாவது உள்ளிருந்தே திறக்கும்படி மாற்றி, தீயணைப்புத் துறையின் சான்றிதழ் பெறும்வரை முதல் தளத்துக்கு மேலே எவரையும் படுக்கவைக்கக் கூடாது. அந்தப் படிக்கான வரைபடத்தை நானே போட்டுக் கொண்டுவருகிறேன். பின்பக்கம் மூன்றடி இடம் இருக்கிறது, கட்ட முடியும்.